பூநாரை செத்தால் யாருக்கு போன் செய்வது?

மிருகக்காட்சிசாலைக்குப் போனால் நாம் என்ன பார்ப்போம்? புலி தூங்கிக்கொண்டிருக்கும். குரங்கு யார் கையில் என்ன இருக்கிறது என்று நோட்டம் விடும். பூநாரை ஒற்றைக்காலில் நிற்கும். கொஞ்சம் நடந்து, கொஞ்சம் ஐஸ்கிரீம் சாப்பிட்டு, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். அந்த வளாகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒரு பிணவறையும், அதில் ஒரு மேஜையும், பக்கத்தில் ஒரு நுண்ணோக்கியும் இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றியதில்லை.

இந்தக் கட்டுரை அந்த மேஜையைப் பற்றியது. கூண்டில் இருந்த ஒரு விலங்கு தள்ளாடி, நடுங்கி, தலை சாய்ந்து செத்துப்போனால், அது ஏன் செத்தது என்று மூளையைத் திறந்து பார்ப்பதற்கு ஆகும் செலவு மிருகக்காட்சிசாலையின் செலவு அல்ல. அது ஊர் மக்களின் சுகாதாரச் செலவு. அதை ஊர்தான் கொடுக்க வேண்டும். இதுதான் நான் சொல்ல வருவது.

வணிகவியல் படிக்கிற ஆளுக்கு மூளையிலும் நுண்ணோக்கியிலும் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் கடைசியில் கணக்குக்குத்தான் வரப்போகிறேன். அதற்கு முன்னால் ஒரு கதை. நடந்த கதை.

1999-ம் வருடம், நியூயார்க். அந்தக் கோடையில் குயின்ஸ், பிராங்க்ஸ் பகுதிகளில் காகங்கள் சாக ஆரம்பித்தன. பறக்க முடியாமல் தத்தளிப்பது, தலையை நேராக வைக்க முடியாமல் விழுவது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். காகம் செத்தால் யார் கவலைப்படப் போகிறார்கள்? பூச்சிமருந்து தின்றிருக்கும் என்று விட்டுவிடுவோம். மாநிலத்தின் வனவிலங்கு நோய் நிபுணர்களிடம் சில உடல்கள் போயின. விஷமா, வேறு எதுவுமா என்று பார்த்தார்கள். உறுதியான விடை வரவில்லை.

ஆகஸ்ட் 23 அன்று, குயின்ஸில் உள்ள பிளஷிங் மருத்துவமனையின் தொற்றுநோய் மருத்துவர் டெபோரா அஸ்னிஸ் நகர சுகாதாரத் துறைக்கு போன் செய்தார். இரண்டு நோயாளிகள். மூளை அழற்சி, கூடவே விசித்திரமான தசைத் தளர்ச்சி. சாதாரணமாக மூளைக்காய்ச்சலில் கைகால் இப்படி விழுந்துவிடுவதில்லை. சுகாதாரத் துறையினர் விசாரிக்கப் போனால் அதே பகுதியில் இன்னும் சிலர் அதே நிலையில். எல்லோரும் மாலை நேரத்தில் வீட்டுக்கு வெளியே உட்காரும் பழக்கம் உள்ளவர்கள். கொசு என்பது உடனே சந்தேகத்துக்கு வந்தது.

செப்டம்பர் 3-ம் தேதி சி.டி.சி. (அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம்) முடிவைச் சொன்னது: செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல். நகரம் அன்றே கொசு மருந்து அடிக்க ஆரம்பித்தது. நோய்க்குப் பெயர் கிடைத்தாயிற்று, மருந்தும் அடித்தாயிற்று. கோப்பை மூடிவிடலாம்.

மூட விடாதவர் ஒருவர் இருந்தார். அப்போது பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையின் நோய்க்குறியியல் துறைத் தலைவராக இருந்த கால்நடை மருத்துவர் டிரேசி மெக்னமாரா. அவருடைய வேலை அந்த மேஜையில்தான். செத்த விலங்கை அறுத்து, திசுவைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஏன் செத்தது என்று கண்டுபிடிப்பது.

செப்டம்பர் 7 முதல் 9-ம் தேதிக்குள் மிருகக்காட்சிசாலையில் ஒரு நீர்க்காகம், இரண்டு சிலி நாட்டுப் பூநாரைகள், ஓர் ஆசிய வண்ணக்கோழி செத்தன. வெளியே செத்த காகங்கள் வேறு. மெக்னமாரா உடல்களைத் திறந்து பார்த்தார். மூளையிலும் அதன் உறைகளிலும் அழற்சி. இதயத் தசையிலும் கடுமையான பாதிப்பு. விஷம் இப்படிச் செய்யாது. இது ஒரு தொற்று, அநேகமாக வைரஸ்.

சரி, எந்த வைரஸ்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது.

கூண்டு விலங்குக்கு மூளை நோய் வந்தால் அதைக் கண்டுபிடிப்பது மனிதருக்குக் கண்டுபிடிப்பதைவிட ரொம்பக் கஷ்டம். முதலாவது, அது பேசாது. தலை வலிக்கிறது, கண் மங்குகிறது, கை மரத்துப்போகிறது என்று சொல்லாது. இரண்டாவது, அது நோயை மறைக்கும். காட்டில் பலவீனமாகத் தெரிகிற பறவையை முதலில் பிடித்துத் தின்றுவிடுவார்கள் என்பதால், கடைசி வரை ஒன்றும் இல்லாதது போலவே நிற்கும். காவலாளி கவனிக்கும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். மூன்றாவது, தள்ளாட்டம் என்கிற ஒரே அறிகுறிக்கு நூறு காரணம் உண்டு. ஈயம் கலந்த எதையாவது விழுங்கியிருக்கலாம். உணவில் வைட்டமின் குறைந்திருக்கலாம். அழுகிய நீரில் உருவாகும் நச்சாக இருக்கலாம். தலையில் அடிபட்டிருக்கலாம். மனிதருக்கு இருப்பதுபோல அந்த இனத்துக்கென்று தயாராக ரத்தப் பரிசோதனைகளும் பெரும்பாலும் இருப்பதில்லை. எனவே அநேக நேரங்களில் நோய்க்குப் பெயர் கிடைப்பது அது செத்த பிறகுதான், மூளையை வெட்டிப் பார்த்த பிறகுதான்.

ஆனால் மிருகக்காட்சிசாலைக்கு ஒரு வசதி இருக்கிறது. காட்டில் இல்லாத வசதி, தெருவில் செத்த காகத்திடமும் இல்லாத வசதி. அங்கே ஒவ்வொரு விலங்குக்கும் எண் உண்டு, வயது உண்டு, தின்றதற்குக் கணக்கு உண்டு, நேற்று அதைப் பார்த்த ஓர் ஆள் உண்டு. அதைவிட முக்கியம், செத்ததற்குப் பக்கத்திலேயே சாகாதவை நிற்கின்றன. வெவ்வேறு இனம், ஒரே காற்று, ஒரே கொசு.

மெக்னமாரா செத்தவற்றை மட்டும் பார்க்கவில்லை. சாகாதவற்றையும் எண்ணினார். அந்தப் பக்கங்களில் பறவைகளைக் கொல்லும் கொசு நோய் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கிழக்கத்திய குதிரை மூளைக்காய்ச்சல். அது வந்தால் ஈமு கோழிகள் பட்டுப்பட்டென்று விழும். மிருகக்காட்சிசாலையின் ஈமுக்கள் நன்றாக மேய்ந்துகொண்டிருந்தன. அப்படியானால் அது இல்லை. பறவைக் காய்ச்சலா, ராணிக்கெட் நோயா? அவை என்றால் குழந்தைகள் பகுதியில் இருந்த கோழிகள் முதலில் போயிருக்கும். கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுவும் இல்லை.

மிச்சம் இருப்பது, நகரத்து மனிதர்களுக்கு வந்திருப்பதாக சி.டி.சி. சொன்ன செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல். அங்கேயும் ஒரு முரண். அந்த வைரஸ் பறவைகளின் உடலில்தான் வாழ்கிறது. பறவையைக் கடித்த கொசு மனிதனைக் கடிக்கும்போது நோய் வருகிறது. ஆனால் அது பறவையைச் சாதாரணமாகக் கொல்வதில்லை. குடியிருக்கும் வீட்டை யாராவது கொளுத்துவார்களா? இங்கே பறவைகள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன.

ஆக, இரண்டில் ஒன்று. மனிதர்களுக்கு ஒரு மூளைக்காய்ச்சலும், அதே ஊரில், அதே மாதத்தில், பறவைகளுக்கு முற்றிலும் வேறொரு மூளைக்காய்ச்சலும் தற்செயலாக ஒன்றாக வந்திருக்க வேண்டும். இல்லையென்றால், இரண்டும் ஒன்றே. நோய்க்கு வைத்த பெயர் தவறு.

இதைச் சொல்ல அவர் சி.டி.சி.க்கு போன் செய்தார். அங்கே இது பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. மனித நோய் ஒரு மேஜை, பறவை நோய் இன்னொரு மேஜை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அலுவலகங்கள் அப்படித்தான் அமைந்திருந்தன. அவர் விடவில்லை. திசு மாதிரிகளை அயோவா மாநிலம் ஏம்ஸில் உள்ள மத்திய கால்நடை ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கே வைரஸ் வளர்ந்தது. வழக்கமாகப் பறவைகளிடம் பார்க்கும் வைரஸ் எதுவும் இல்லை என்று தெரிந்தது. போர்ட் டெட்ரிக்கில் உள்ள ராணுவ ஆய்வகத்தின் கதவையும் தட்டினார்.

செப்டம்பர் 20 அன்று பறவைகளிடமிருந்து எடுத்த வைரஸ் சி.டி.சி.யின் கைக்கு வந்தது. 23-ம் தேதி மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். வெஸ்ட் நைல் வைரஸ். 1937-ல் உகாண்டாவில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. மேற்கு அரைக்கோளத்தில் அதுவரை யாரும் பார்த்திராதது. ஏறக்குறைய அதே நாட்களில், கலிபோர்னியாவில் இயன் லிப்கின் குழுவினரும் இறந்துபோன நியூயார்க் நோயாளிகளின் மூளைத் திசுவிலிருந்து அதே திசைக்கு வந்து சேர்ந்தார்கள். பூநாரையும் மனிதனும் ஒரே நோயால்தான் செத்திருக்கிறார்கள்.

அந்த வருடம் நியூயார்க் பகுதியில் 62 பேருக்கு நோய் உறுதியானது, 7 பேர் இறந்தார்கள்.

சி.டி.சி. ஏன் தவறியது? இதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், செயின்ட் லூயிஸ், வெஸ்ட் நைல் எல்லாம் ஒரே குடும்பத்து வைரஸ்கள். ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருளை வைத்துச் செய்யும் பரிசோதனையில் அண்ணனுக்கு வைத்த வலையில் தம்பியும் மாட்டுவான். அமெரிக்காவில் வழக்கமாக இருக்கும் வைரஸ்களுக்கு வைத்த பரிசோதனையில் செயின்ட் லூயிஸ் பளிச்சென்று தெரிந்தது. உகாண்டாவின் வைரஸைத் தேட வேண்டும் என்று குயின்ஸில் யாருக்குத் தோன்றும்? ஆய்வகம் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது. கேள்விதான் குறுகலாக இருந்தது. கேள்வியை அகலமாக்கத் தேவையான தகவல் சில மைல் தள்ளி ஒரு மிருகக்காட்சிசாலையின் பிணவறையில் இருந்தது.

இப்போது மறுதரப்பு வாதங்களைப் பார்ப்போம்.

முதல் வாதம்: பெயர் தப்பாக இருந்தால் என்ன குடி முழுகிவிட்டது? இரண்டு நோயும் ஒரே வகைக் கொசுவால் பரவுபவை. மருந்து அடித்தது சரிதானே? உண்மை. அந்த அளவில் நியூயார்க் தப்பித்தது. ஆனால் அது அதிர்ஷ்டம். வாசலில் வேறு யாருக்கோ வைத்த குழியில் திருடன் விழுந்த மாதிரி. அந்த வைரஸ் கொசு அல்லாமல் வேறு வழியில் பரவுவதாக இருந்திருந்தால்? தவிர, சரியான பெயர் தெரிந்த பிறகுதான் பல விஷயங்கள் நடந்தன. செத்த காகங்களை வரைபடத்தில் குறித்து, அடுத்து எந்தப் பகுதியில் மனிதர்களுக்கு நோய் வரும் என்று முன்கூட்டியே பார்க்கும் முறை 2000-த்தில் வந்தது. 2002-ல் இந்த வைரஸ் ரத்ததானம் வழியாகவும் உறுப்பு மாற்று வழியாகவும் பரவுகிறது என்று தெரியவந்தது. 2003-லிருந்து அமெரிக்காவில் தானம் தரும் ரத்தத்தை இதற்காகப் பரிசோதிக்கிறார்கள். சரியான பெயர் இல்லாமல் எதைப் பரிசோதிப்பது?

அந்த வைரஸ் நியூயார்க்கோடு நிற்கவும் இல்லை. நாலைந்து வருடத்தில் அமெரிக்கா முழுக்கப் பரவி கலிபோர்னியா வரை போனது. 2002-ல் மட்டும் 284 பேர் இறந்தார்கள். 1999-லிருந்து கணக்கெடுத்தால் மொத்த இறப்பு இரண்டாயிரத்தைத் தாண்டும். குதிரைகளுக்குத் தடுப்பூசி வந்துவிட்டது. மனிதர்களுக்கு இன்னும் இல்லை.

இரண்டாவது வாதம்: ஒரே ஒரு கதையை வைத்துக்கொண்டு உலகத்துக்கே சட்டம் போடலாமா? சரி, இன்னொன்று சொல்கிறேன். இதற்குக் கொஞ்சம் பின்னால், இங்கிலாந்துக்குப் போக வேண்டும்.

1986-ல் அங்கே ஒரு மிருகக்காட்சிசாலையில் இருந்த நியாலா என்னும் ஆப்பிரிக்க மான் ஒன்றுக்கு நரம்புக் கோளாறு வந்தது. செத்த பிறகு மூளையைப் பார்த்தால் பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. பசுக்களின் மூளையும் அதேபோல ஆகிறது என்று பிரிட்டிஷ் கால்நடை ஆய்வகம் அடையாளம் கண்டதும் அதே 1986-ல்தான். நாம் மாட்டுப் பைத்தியம் என்று பேப்பரில் படித்தோமே, அந்த நோய். செத்த மாடு, ஆடுகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்துத் தீவனத்தில் கலந்து மாட்டுக்கே போட்டதன் பலன். அடுத்தடுத்த வருடங்களில் வேறு வகை மான்களுக்கும் வந்தது. லண்டன் மிருகக்காட்சிசாலையின் குடு மான்களும் அதில் உண்டு. பிறகு சிவிங்கிப்புலி, பியூமா என்று பூனைக் குடும்பத்திலும் தெரிந்தது. பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன ஒரு சிவிங்கிப்புலியின் மூளையிலும் அதே ஓட்டைகள்.

மான் என்றால் மாட்டுக்குச் சொந்தக்காரன் என்று சமாதானம் சொல்லலாம். பூனைக் குடும்பத்துக்கும் மாட்டுக்கும் என்ன சொந்தம்? 1989 பிப்ரவரியில் வெளியான ஒரு நிபுணர் குழு அறிக்கை, இந்த நோயால் மனிதர்களுக்கு ஆபத்து வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்றது. 1990 மே மாதம் ஒரு வீட்டுப் பூனைக்கு வந்துவிட்டது என்று செய்தி வெளியானது. அதே மாதம் விவசாய அமைச்சர் ஜான் கம்மர் தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன் தன் சின்னப் பெண்ணோடு மாட்டிறைச்சி பர்கர் சாப்பிடும் காட்சி நடந்தது. 1996 மார்ச் 20 அன்று பிரிட்டிஷ் அரசு நாடாளுமன்றத்தில் ஒத்துக்கொண்டது: மனிதர்களுக்கும் வந்திருக்கிறது. பிரிட்டனில் அதனால் இறந்தவர்கள் 178 பேர். பலர் இளைஞர்கள், என் வயதுக்காரர்கள்.

நியாலா மானின் மூளையைப் பார்த்த அன்றே இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. முடிந்த கதைக்கு வியாக்கியானம் சொல்வது எளிது. ஒரு மான் செத்ததை வைத்து மனிதனுக்கு ஆபத்து என்று அறிவிக்க முடியாதுதான். ஆனால் ஒவ்வொரு இனமாக அந்த நோய் வேலி தாண்டிக்கொண்டே வந்தது என்பது அந்தக் கூண்டுகளில்தான் வரிசையாகத் தெரிந்தது. நோயை எந்தப் பரிசோதனையும் உயிரோடு இருக்கும்போது காட்டவில்லை. யாரோ ஒருவர் சிரமப்பட்டு மண்டை ஓட்டை அறுத்து, மூளையைப் பதப்படுத்தி, சீவி, பார்த்ததால் தெரிந்தது. அவர் புதைத்துவிட்டுப் போயிருந்தால் அந்த வரிசையே இருந்திருக்காது.

மிருகக்காட்சிசாலை வேண்டாம், காடு என்றாலும் இதே பாடம்தான். 1957-ல் அப்போதைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. சுற்றுவட்டாரத்தில் மனிதர்களுக்கும் காய்ச்சல். புனேயின் வைரஸ் ஆய்வு மையத்தினர் அந்தக் குரங்குகளையும் சேர்த்துப் பார்த்ததால்தான் உண்ணி மூலம் பரவும் ஒரு புதிய வைரஸ் என்று தெரிந்தது. அதுவும் இதே டெங்கு, வெஸ்ட் நைல் குடும்பம். இன்றும் குரங்குக் காய்ச்சல் என்றுதான் அதைச் சொல்கிறோம். அங்கே மனிதனையும் குரங்கையும் ஒரே ஆட்கள் பார்த்தார்கள். நாற்பத்திரண்டு வருடம் கழித்து நியூயார்க்கில் இரண்டு மேஜை இருந்தது!

இனி கணக்கு.

மிருகக்காட்சிசாலைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? டிக்கெட், நன்கொடை, அரசு மானியம். இதில் எதுவுமே பிணவறையைப் பார்த்து வருவதில்லை. புதிதாக ஒரு வெள்ளைப் புலி வந்தால் கூட்டம் வரும். புதிதாக ஒரு நுண்ணோக்கி வந்தால் யார் வருவார்கள்? பணம் குறையும்போது எதை வெட்டுவது என்று நிர்வாகி உட்கார்ந்து பார்த்தால், பார்வையாளர் கண்ணில் படாததைத்தான் வெட்டத் தோன்றும். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அதையேதான் செய்வேன் என்று நினைக்கிறேன். அது அவர் தவறல்ல, கணக்கு எழுதும் முறையின் தவறு.

ஒரு பூநாரை செத்தால் மிருகக்காட்சிசாலையின் புத்தகத்தில் ஒரு சிறு நஷ்டம். தள்ளுபடி எழுதி மூடிவிடலாம். அது ஏன் செத்தது என்று கண்டுபிடித்தால் வரும் லாபம் அந்தப் புத்தகத்தில் எங்குமே ஏறாது. அந்த லாபம் குயின்ஸில் மாலையில் திண்ணையில் உட்காரும் தாத்தாவுக்குப் போகிறது. ரத்தம் ஏற்றிக்கொள்ளும் ஒரு பெண்ணுக்குப் போகிறது. செலவு ஒருவர் தலையில், பலன் ஊர் தலையில். பொருளாதாரப் பாடத்தில் இதற்குப் புறவிளைவு என்று பெயர். இப்படிப்பட்ட விஷயத்தைச் செலவு செய்பவரின் நல்ல மனதுக்கு விட்டுவிட்டால் தேவையான அளவு நடக்காது என்பது முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுக்கிற விஷயம். தடுப்பூசியும் தெருவிளக்கும் பொதுப்பணத்தில் நடப்பது இதனால்தான். பிணவறை மேஜையும் அந்தப் பட்டியலில்தான் சேர வேண்டும்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். தணிக்கையில் எல்லா ரசீதையும் யாரும் பார்ப்பதில்லை. பார்க்கவும் முடியாது. மாதிரிக்குக் கொஞ்சம் எடுத்து அதை ஒழுங்காகப் பார்ப்பார்கள். ஒரு நகரத்தின் காகம், எலி, அணில் எல்லாவற்றையும் யாரும் அறுத்துப் பார்க்க முடியாது. ஆனால் நகரத்தின் நடுவில் நூற்றுக்கணக்கான இனங்கள், எண் போட்டு, வயது எழுதி, தினமும் வருகைப்பதிவு எடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. இதைவிட நல்ல மாதிரி கிடைக்குமா? பிராங்க்ஸில் செத்தவற்றையும் வெளியே செத்தவற்றையும் சேர்த்துப் பின்னால் வெளியிட்ட ஆய்வில் 14 இனங்களைச் சேர்ந்த 27 பறவைகள் இருந்தன. வெண்தலைக் கழுகும் பனி ஆந்தையும் அதில் உண்டு. ஒரே நோய் வெவ்வேறு உடல்களில் என்னென்ன செய்யும் என்று அந்த ஒரு கட்டுரையில் பார்த்துவிடலாம்.

எல்லா மரணமும் எச்சரிக்கை அல்ல என்பதும் எனக்குத் தெரியும். பல விலங்குகள் வயதாகித்தான் சாகின்றன. பத்தில் ஒன்பது மேஜைக்கு வந்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடும். வீண் செலவு என்பார்கள். தீயணைப்பு வண்டி வருடத்தில் எத்தனை நாள் சும்மா நிற்கிறது? அதை யாரும் விற்றுவிடச் சொல்வதில்லை. தவிர, அந்த ஒன்பது இருந்தால்தான் பத்தாவது வித்தியாசமாக இருப்பது கண்ணில் படும். வயதான பூநாரையின் மூளை எப்படி இருக்கும் என்று பார்த்துப் பழகியவருக்குத்தான் நோயால் செத்த பூநாரையின் மூளை உறுத்தும்.

ஆகவே நான் கேட்பது மூன்று.

ஒன்று, மிருகக்காட்சிசாலையில் நரம்புக் கோளாறோடு செத்த எந்த விலங்கையும் மூளையைப் பார்க்காமல் புதைக்கக் கூடாது. உடலை மட்டும் திறந்து, கல்லீரலும் நுரையீரலும் பார்த்துவிட்டு, மண்டை ஓட்டை அறுப்பது சிரமம் என்று விட்டுவிடுவது எளிது. விடக் கூடாது. திசுவில் ஒரு துண்டை எடுத்துப் பத்திரமாக வைக்கவும் வேண்டும். இன்றைக்குப் பெயர் இல்லாத நோய்க்கு நாளைக்குப் பெயர் கிடைக்கலாம்.

இரண்டு, அந்தச் செலவு விலங்குக் கணக்கில் அல்ல, மக்கள் சுகாதாரக் கணக்கில் எழுதப்பட வேண்டும். நுண்ணோக்கிக்கும் அதைப் பார்க்கும் ஆளின் சம்பளத்துக்கும் சேர்த்து.

மூன்றாவதற்குப் பணமே வேண்டாம். ஒரு போன் எண் போதும். மருத்துவமனையில் காரணம் தெரியாத மூளைக்காய்ச்சல் இரண்டு வந்தால் ஊரிலிருக்கும் மிருகக்காட்சிசாலையின் மேஜைக்குத் தகவல் போக வேண்டும். அங்கே காரணம் தெரியாமல் இரண்டு பறவை தள்ளாடிச் செத்தால் சுகாதாரத் துறைக்குத் தகவல் போக வேண்டும். போனை எடுப்பவர், "இது எங்க டிபார்ட்மெண்ட் இல்லை" என்று சொல்லக் கூடாது. 2000 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் நியூயார்க் விவகாரத்தைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. மனித சுகாதாரத்தையும் விலங்கு சுகாதாரத்தையும் பார்க்கும் அமைப்புகளுக்கு இடையே தொடர்பு வலுவாக வேண்டும் என்பது அது எடுத்துச்சொன்ன பாடங்களில் ஒன்று. கவனியுங்கள், சொன்னது தணிக்கைக்காரர்கள்! (எங்கள் ஆட்களுக்கும் சில சமயம் மூளை வேலை செய்யும்.)

அன்றைக்கு நியூயார்க்கில் பெரிய ஆய்வகங்கள் எல்லாம் செத்தவர்களின் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒருவர் மட்டும் சாகாத ஈமுவையும் கோழியையும் போய்ப் பார்த்தார். அதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. அந்த இடத்தில் அந்த வேலைக்கு என்று ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்த முறை மிருகக்காட்சிசாலைக்குப் போகும்போது பூநாரை நிற்கிறதா என்று நானும் பார்ப்பேன். நின்றால் சந்தோஷம். ஒருநாள் அது நிற்கவில்லை என்றால், ஏன் என்று கேட்க அந்த வளாகத்தில் ஓர் ஆள் இருக்கிறாரா என்பதையும் விசாரித்துவிட்டு வரவேண்டும்.